ஒருகருவா, இருகருவா? இரட்டையர் ஆய்வில் வினாப்பட்டியல் தயாரிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நஞ்சு ரெண்டா வந்துச்சுங்க. அதனால ரெண்டும் தனித்தனிக் கருன்னு அப்பவே சொல்லிட்டாங்க."

பதினான்கு வயது இரட்டைப் பெண் பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு அம்மா என்னிடம் சொன்னது இது. நஞ்சு என்று அவர் சொன்னது நஞ்சுக்கொடியை. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து எனக்கு யார் எவள் என்று பிடிபடவே இல்லை. ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்க வந்தவள் அவளா, தங்கையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் வினாப்பட்டியலில் 'எந்த வகை இரட்டையர்?' என்றிருந்த கட்டத்தில் அம்மா சொன்னபடி 'இருகரு' என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு டிஎன்ஏ முடிவு வந்தது. இருவரும் ஒருகரு.

அந்த அம்மா மீது தவறு இல்லை. அவரிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டது எங்கள் வினாப்பட்டியல். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற ஆய்வு மாணவர்கள் அதே இடத்தில் இடறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், இதற்கு ஏன் இவ்வளவு கவனம்? ஒருகரு இரட்டையர் கருவுற்ற ஒரே முட்டை பிரிந்து உண்டானவர்கள். மரபணு அளவில் கிட்டத்தட்ட முழுக்க ஒன்று. இருகரு இரட்டையர் ஒரே நேரத்தில் பிறந்த சாதாரண உடன்பிறப்புகள்தான்; பெற்றோரிடமிருந்து வந்தவற்றில் சராசரியாகப் பாதியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு குணம் ஒருகரு சோடிகளில் எவ்வளவு ஒத்துப்போகிறது, இருகரு சோடிகளில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டுத்தான் மரபின் பங்கைக் கணக்கிடுகிறோம். வகை மாறிப் பதிந்தால் கணக்கு அடியோடு ஆட்டம் காணும்.

எளிய உதாரணம். ஒருகரு சோடிகளில் ஒட்டுறவு (இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற அளவு; முழுக்க ஒத்துப்போனால் 1) 0.80, இருகரு சோடிகளில் 0.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தை இரண்டால் பெருக்கும் பழைய சூத்திரப்படி மரபின் பங்கு 0.80. இப்போது இரு பக்கமும் நூற்றுக்குப் பத்துச் சோடிகளை மாற்றிப் பதிந்துவிட்டோம் என்றால், ஒருகரு ஒட்டுறவு 0.76 ஆக இறங்கும், இருகரு ஒட்டுறவு 0.44 ஆக ஏறும். விடை 0.64. இரட்டையரும் குடும்பங்களும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார்கள், அளவுகோல் சரியாக இருக்கிறது, புள்ளியியலும் சரி. ஆனாலும் முடிவு தப்பு. ஐந்து சதவீதம் மாறினாலே 0.72 என்று வரும்.

எல்லோருக்கும் டிஎன்ஏ பார்த்துவிட்டால் தீர்ந்தது என்பது உண்மைதான். ஆயிரக்கணக்கான சோடிகளை வைத்து வேலை செய்யும்போது பணமும் நேரமும் இடம் கொடுக்காது. சிலர் பரிசோதனைக்கு மாதிரி தர ஒப்பவும் மாட்டார்கள். அங்கேதான் வினாப்பட்டியல் கைகொடுக்கிறது. ஒழுங்காகத் தயாரித்தது என்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை சரியாகச் சொல்லிவிடும்.

படி 1: கேட்காமலே பிரிக்கக்கூடியவர்களைப் பிரியுங்கள்

ஆணும் பெண்ணுமாகப் பிறந்த சோடி இருகரு. மருத்துவ இதழ்களில் தனிச் செய்தியாக வரும் அளவுக்கு அபூர்வமான விதிவிலக்குகள் உண்டு. உங்கள் ஆய்வில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே பாலினச் சோடிகளுக்கு மட்டும்தான் வினாப்பட்டியல் தேவை.

இருவருடைய இரத்த வகையும் நம்பகமான ஆவணத்தில் இருந்து, இரண்டும் வேறு வேறு என்றால் அதுவும் இருகரு. ஒரே வகையாக இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சாதாரண அண்ணன் தம்பிக்கும் ஒரே வகை இருக்கும். வாய்வழியாக "ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ்" என்று சொல்வதை ஆவணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

சின்னக் குழந்தைகள் என்றால் அம்மாவிடம், அல்லது பிள்ளைகளை அன்றாடம் பார்த்துக்கொள்கிறவரிடம். சில வீடுகளில் அது பாட்டியாக இருக்கும். இங்கிலாந்து, வேல்ஸில் 1994 முதல் 1996 வரை பிறந்த இரட்டையரைத் தொடரும் பெரிய ஆய்வில் பெற்றோர் நிரப்பிய படிவத்தை டிஎன்ஏவோடு ஒப்பிட்டபோது 95 சதவீதம் ஒத்துப்போனது. பெற்றோரை நம்பலாம், கேள்வி சரியாக இருந்தால்.

வளர்ந்தவர்கள் என்றால் இருவரிடமும். தனித்தனியாக. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் களத்தில் முதலில் விட்டுக்கொடுப்பது இதைத்தான். இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். உங்களுக்கு இரண்டு பதில் கிடைத்த மாதிரி இருக்கும், கிடைத்தது ஒன்றுதான். இருவரும் தனித்தனியாகச் சொல்லி ஒத்துப்போவதில்தான் இந்த முறையின் பலம் இருக்கிறது.

படி 3: கேள்விகளை எழுதுங்கள்

உடலின் ஒற்றுமையைப் பார்த்து வகை பிரிக்கும் முறைக்கு வயது நூறு. ஜெர்மனியின் தோல் மருத்துவர் ஹெர்மன் வெர்னர் சீமன்ஸ் 1924இல் முடி, கண், தோல் என்று பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். அதற்கு ஒரு நிபுணர் நேரில் பார்க்க வேண்டும். தபாலில் கேட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று 1961இல் காட்டியவர்கள் ஸ்வீடன்காரர்கள், ருனே செடர்லோஃபும் அவரோடு இருந்தவர்களும். அவர்கள் கேட்டது மிக எளிமையானது: சிறுவயதில் நீங்கள் இருவரும் 'பெர்ரிப் பழங்கள் போல' ஒரே மாதிரி இருந்தீர்களா? அந்த ஊர்ப் பேச்சுவழக்கு அது. பதிலை இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சரியாக வந்தது.

பின்லாந்தில் இதை இன்னும் இறுக்கினார்கள். 1975இல் ஆயிரக்கணக்கான சோடிகளுக்குப் படிவம் அனுப்பிய ஆய்வு அது. இரண்டே கேள்விகள்தான் அடிப்படை. சிறுவயதில் அச்சாக ஒன்றுபோல் இருந்தீர்களா, அல்லது சாதாரண அண்ணன் தம்பி, அக்காள் தங்கை அளவுக்கா? பள்ளி வயதில் உங்களைப் பிரித்தறிய மற்றவர்கள் திணறினார்களா? இருவர் பதிலையும் சேர்த்து ஒரு விதி வைத்தார்கள். பதில்கள் முரண்பட்டால் 'வகை தெரியவில்லை' என்று தனியே வைத்தார்கள். செப்போ சார்னாவும் யாக்கோ காப்ரியோவும் மற்றவர்களும் 1978இல் வெளியிட்ட இந்த விதி இன்றைக்கும் படிக்க வேண்டிய பாடம். காரணம், அது நிகழ்ந்ததைக் கேட்கிறது. 'நீங்கள் எந்த வகை என்று நினைக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு வருகிற பதில் யாரோ எப்போதோ சொன்னதன் எதிரொலி. 'பள்ளியில் உன் அக்காள் என்று நினைத்து உன்னை அடித்த டீச்சர் உண்டா?' என்பதற்கு வருகிற பதில் அவர்கள் வாழ்க்கையில் நடந்தது.

ஆகவே ஆள் மாறிப்போன அனுபவங்களை மையமாக வைத்து எழுதுங்கள். யார் குழம்பினார்கள் என்பதை நெருக்கத்தின் வரிசையில் கேட்பது நல்லது: அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், அடிக்கடி வந்துபோகும் உறவினர், வகுப்பு ஆசிரியர், தெருக்காரர்கள், முதல்முறை பார்ப்பவர்கள். அந்நியர் குழம்புவது பெரிய செய்தி இல்லை. கூடவே வளர்ந்த அண்ணனே குழம்பினால் அது வலுவான சாட்சி. ஒவ்வொன்றுக்கும் 'அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை' என்று மூன்று பதில் போதும். வயதையும் குறிப்பிட்டுவிடுங்கள். "ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது" என்றால் மனதில் ஒரு படம் வரும். "சிறுவயதில்" என்றால் வராது. கல்யாணம், வேலை, வெயில், உடம்பு என்று பின்னால் வருகிற மாற்றங்களும் இதனால் விலகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் வீடுகளில் அம்மாக்கள் பெயரை மாற்றிக் கூப்பிடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பது. மூத்தவனைக் கூப்பிட இளையவன் பெயர் வரும், சமயத்தில் அம்மாவின் சொந்தத் தம்பியின் பெயர்கூட வரும். "உங்கள் அம்மா பெயர் மாற்றிக் கூப்பிடுவாரா?" என்று கேட்டால் இருகரு சோடிகளும் சிரித்துக்கொண்டே "எப்பவும்" என்பார்கள். முகத்தைப் பார்த்த பிறகும் மாறியதா என்று கேளுங்கள். "நேருக்கு நேர் முகத்தைப் பார்த்தும், நீதான் அவன் என்று நினைத்துப் பேசியிருக்கிறார்களா?"

உடையும் அப்படித்தான். இரட்டைப் பிள்ளைகள் என்றாலே ஒரே துணியில் சட்டை தைப்பது, ஒரே மாதிரி முடிவெட்டுவது, ஒரே மாதிரி ரெட்டைச் சடை போடுவது நம் பழக்கம். பின்னாலிருந்து பார்த்தால் எந்தச் சோடியும் ஒன்றுதான். உடை, தலைமுடி வேறாக இருந்த நாளிலும் குழப்பம் வந்ததா என்று ஒரு கேள்வி சேருங்கள். பழைய பள்ளிக்கூடப் புகைப்படத்தில் தங்களையே பிரித்தறியத் திணறியிருக்கிறார்களா என்பதும் நல்ல கேள்வி.

அடுத்து உடல் அடையாளங்கள். ஐரோப்பியப் படிவங்களில் கண் நிறம், முடி நிறம் என்று இரண்டு கேள்விகள் கட்டாயம் இருக்கும். நீலக் கண், பச்சைக் கண், பொன்னிற முடி, செம்பட்டை முடி என்று ஒரே வீட்டுக்குள் வேறுபாடு உள்ள ஊரில் அவை உதவும். நம்மிடம் அதை அப்படியே கேட்டால் நூற்றுக்கு நூறு 'ஒரே நிறம்' என்று வரும், இருகரு சோடிகளுக்கும்! மதிப்பெண் கூட்டும்போது எல்லோரையும் அது ஒருகரு பக்கம் தள்ளிவிடும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, முடி சுருளா நேரா, காதுமடலின் நுனி ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா, முக அமைப்பு, பல்வரிசை, வளர்ந்தபின் உயரம் என்று கேளுங்கள். தோல் நிறம் கேட்கலாம். ஒருவர் வயலிலும் மற்றவர் அலுவலகத்திலும் வேலை செய்தால் அதற்கு மதிப்பு குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைகள் என்றால், பால்பல் முளைத்தது ஒரே வாரத்திலா என்று அம்மாவிடம் கேட்பதும் பயன் தரும்.

கேட்டாலும் கணக்கில் சேர்க்கக் கூடாதவை சில. முதலாவது நஞ்சுக்கொடி. கரு முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் ஒருகரு இரட்டையருக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி உண்டாகும். ஒருகரு சோடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இப்படித்தான். மறுபக்கம், இருகரு இரட்டையரின் இரண்டு நஞ்சுக்கொடிகளும் அருகருகே வளர்ந்து ஒட்டிப்போய், ஒன்று போலத் தெரிவதும் உண்டு. ஸ்கேன் அறிக்கையில் வெளிச்சவ்வு (கருவைச் சுற்றியிருக்கும் வெளி உறை) ஒன்றே என்று மருத்துவர் தெளிவாக எழுதியிருந்தால் அது ஒருகருவுக்கு நல்ல ஆதாரம். குடும்பத்தார் நினைவில் இருக்கிற "ஒண்ணா, ரெண்டா" அந்த ஆதாரம் ஆகாது. இரண்டாவது பிறப்பு எடை. வெளிச்சவ்வைப் பகிர்ந்த ஒருகருக் குழந்தைகளுக்குள் இரத்த ஓட்டம் சமமாகப் போகாவிட்டால் ஒன்று சவலையாகவும் ஒன்று கொழுகொழுவென்றும் பிறக்கும். மூன்றாவது கைரேகை, அது ஒருகரு இரட்டையருக்கும் வேறு வேறுதான். குணத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். நீங்கள் பின்னால் ஆராயப்போவதே குணமாக இருக்கலாம். அதை வைத்தே வகை பிரித்தால் கேள்வியே விடையாகிவிடும்.

'எந்த வகை என்று நினைக்கிறீர்கள்?' என்பதைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள். கூடவே "அப்படிச் சொல்லக் காரணம் என்ன?" என்று ஒரு வரி இடம் விடுங்கள். நான் இருகரு என்று குறித்த அந்த வீட்டில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் 'நஞ்சு இரண்டு' என்பது தாளிலேயே பதிவாகியிருக்கும்.

படி 4: தமிழில் ஓடுகிறதா என்று பாருங்கள்

ஆங்கிலப் படிவங்களில் 'ஒரே காய்க்குள் இருக்கும் இரண்டு பட்டாணி' என்று இருக்கும். அதை அப்படியே தமிழில் போட்ட ஒரு படிவத்தை நானே பார்த்திருக்கிறேன். படித்தவர் பட்டாணியைத் தேடினார்.

நம்மிடம் இருக்கும் சொல் என்ன என்று யோசித்தால் உடனே வருவது 'உரிச்சு வச்ச மாதிரி'. முன்னோட்டமாக ஒரு பாட்டியிடம் கேட்டோம்: "பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரும் உரிச்சு வச்ச மாதிரி இருப்பாங்களா பாட்டி?" அவர் தயங்கவே இல்லை. "ஆமாய்யா, ரெண்டும் அவங்கப்பனை உரிச்சு வச்ச மாதிரி." அந்தத் தொடர் பிள்ளையைப் பெற்றவரோடு ஒப்பிடத்தான் நம் வாயில் பழகியிருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரை ஒப்பிட அது வராது. 'அச்சு அசல் ஒரே மாதிரி' என்று மாற்றினோம். இலங்கைத் தமிழருக்கு என்றால் 'அச்சொட்டாக' என்பது இன்னும் சரியாகப் போய்ச் சேரும். பக்கத்திலேயே மாற்று விடையையும் வைத்துவிட வேண்டும்: "அச்சு அசலா ஒரே மாதிரியா, இல்ல, சாதாரணமா அண்ணன் தம்பிக்கு இருக்கிற சாடை மட்டும்தானா?" சாடை என்ற சொல் இங்கே பெரிய உதவி. சாயல், சாடை என்றால் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

'ஒருகரு', 'இருகரு' என்ற பாடப்புத்தகச் சொற்களை விளக்கம் இல்லாமல் போடாதீர்கள். மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவரை வைத்துத் திருப்பி மொழிபெயர்க்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கமான முறை, செய்யுங்கள். ஆனால் 'உரிச்சு வச்ச மாதிரி' அந்தச் சோதனையில் தேறியிருக்கும். பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்து, கேள்வியை வாசித்து, "இதுல என்ன கேட்கறோம்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்பதுதான் உண்மையான சோதனை. இலங்கையில் 1997இல் இரட்டையர் பதிவேடு தொடங்கியவர்களும் வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே எடுக்காமல், தங்கள் மக்களுக்கென்று ஒன்றை உருவாக்கிச் சோதித்துப் பார்த்தார்கள்.

படி 5: ஒரு பகுதியினருக்கு டிஎன்ஏ பார்த்து ஒப்பிடுங்கள்

இதைச் செய்யாத வினாப்பட்டியலின் மீது நம்பிக்கை வைக்க எனக்கு மனம் வருவதில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தால் போதும், ஊசி வேண்டாம். ஆளுக்கு ஆள் மாறுபடும் பதினைந்து பதினாறு இடங்களைப் பார்ப்பார்கள். எல்லாம் ஒத்துப்போனால் இருகருவாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. பல இடங்களில் மாறினால் இருகரு. ஒரே ஒரு இடம் மாறினால் முடிவு கட்டாமல் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சோதனைக்கான சோடிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். பார்த்தவுடன் தெரிகிற சோடிகளை மட்டும் அனுப்பினால் 99 சதவீதம் சரி என்று வரும். அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

கணக்குப் போடும் விதத்தை ஒரு கற்பனை உதாரணத்தில் காட்டுகிறேன். ஒரே பாலினச் சோடிகள் 120. டிஎன்ஏப்படி ஒருகரு 66, இருகரு 54. அந்த 66இல் வினாப்பட்டியல் 60 சோடிகளை ஒருகரு என்றது, 2 சோடிகளை இருகரு என்றது, 4 தெரியவில்லை. 54இல் 47 இருகரு, 3 ஒருகரு, 4 தெரியவில்லை. வகை சொன்ன 112இல் 107 சரி, அதாவது 95.5 சதவீதம். ஒருகரு என்று சொன்ன 63இல் 60 சரி. இருகரு என்று சொன்ன 49இல் 47 சரி. வகை சொல்லாமல் விட்டது 120இல் 8. இவை அத்தனையையும் ஆய்வறிக்கையில் எழுதுங்கள். '95.5 சதவீதம் துல்லியம்' என்று மட்டும் எழுதி அந்த எட்டுச் சோடிகளை மறைப்பது சரியல்ல.

படி 6: மதிப்பெண் விதி

எளிமையாகத் தொடங்குங்கள். பின்லாந்து விதி போல இரண்டு மூன்று கேள்விகளை வைத்து 'இருவரும் இப்படிச் சொன்னால் ஒருகரு' என்று எழுதுவது முதல் வழி. எல்லாப் பதிலுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது இரண்டாவது. டிஎன்ஏ பார்த்த சோடிகளை வைத்துப் புள்ளியியல் மாதிரி ஒன்றைப் பயிற்றி, மற்றவர்களுக்கு நிகழ்தகவு கணக்கிடுவது மூன்றாவது. என் அனுபவத்தில் நல்ல கேள்வியோடு முதல் வழி போனாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். எந்த வழியானாலும் வேறு நாட்டின் வெட்டுப்புள்ளியை, அதாவது எத்தனை மதிப்பெண்ணிலிருந்து ஒருகரு என்று வைக்கும் எல்லையை, கடன் வாங்காதீர்கள். கண் நிறக் கேள்வியை எடுத்த பிறகு அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது.

'தெரியவில்லை' என்று ஒரு பெட்டி கட்டாயம் வேண்டும். கையில் டிஎன்ஏவுக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சினால் அதை இந்தப் பெட்டிக்குச் செலவிடுங்கள்.

படி 7: மொத்தத்தைச் சரிபாருங்கள்

ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1901இல் சொன்ன ஒரு கணக்கு இருக்கிறது. இருகரு சோடிகளில் பாதி ஒரே பாலினம், பாதி ஆண்-பெண். ஆகவே ஆண்-பெண் சோடிகளை எண்ணி இரண்டால் பெருக்கினால் மொத்த இருகரு சோடிகள் கிடைக்கும். உங்களிடம் 500 சோடிகள், அதில் ஆண்-பெண் 130 என்றால் இருகரு மொத்தம் 260. மீதி 240 ஒருகரு. உங்கள் வினாப்பட்டியல் 310 ஒருகரு என்று சொன்னால் எங்கோ இடிக்கிறது.

வினாப்பட்டியல்தான் தவறு என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் என்றால், மூன்றில் இரண்டு பங்கு பெண்களாகவும், மூன்றில் இரண்டு பங்கு ஒருகருவாகவும் இருப்பார்கள் என்று டேவிட் லிக்கனும் உடன் ஆய்ந்தவர்களும் 1987இல் எழுதினார்கள். ஒன்றுபோல் இருப்பவர்கள்தான் 'இரட்டையர் வாருங்கள்' என்ற அழைப்பைத் தங்களுக்கானதாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்த பட்டியல் என்றால் வைன்பெர்க் கணக்கு நல்ல கண்காணிப்பு.

படி 8: முடிவைச் சொல்வதா?

இதைக் கடைசியில் எழுதினாலும், முடிவெடுக்க வேண்டியது முதல் வீட்டுக்குப் போவதற்கு முன்பு. வினாப்பட்டியலின் முடிவைக் குடும்பத்தாரிடம் சொல்லாதீர்கள். இருபதில் ஒன்று தவறாக இருக்கக்கூடிய ஒன்றை ஒரு குடும்பத்தின் கையில் கொடுக்க முடியாது. டிஎன்ஏ முடிவு வேறு. அது உறுதியானது, மருத்துவப் பயனும் உண்டு: சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ மாற்ற வேண்டி வந்தால் ஒருகரு என்று தெரிந்திருப்பது பெரிய விஷயம். அதே சமயம் நாற்பது வருடம் "நாங்க ஒரே கரு" என்று சொல்லி வளர்ந்த இரண்டு பேருக்கு அது லேசான செய்தி இல்லை.

ஒப்புதல் படிவத்தில் "முடிவு தெரிய விரும்புகிறீர்களா?" என்று தனியாக ஒரு கேள்வி வையுங்கள். அதையும் இருவரிடம் தனித்தனியே கேளுங்கள். ஒருவர் வேண்டும் என்று சொல்லி மற்றவர் வேண்டாம் என்று சொன்னால், சொல்லாதீர்கள். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கும் சொன்னதுதான். 'இருவரும் சம்மதித்தால் மட்டுமே முடிவு தெரிவிக்கப்படும்' என்ற வரியைப் படிவத்தில் அச்சடித்து, கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டிவிடுங்கள்.

நான் முதலில் சொன்ன வீட்டில் மூவருமே 'வேண்டும்' என்றிருந்தார்கள். முடிவைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ரெண்டு நஞ்சு?" என்று கேட்டார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அது இரண்டாகப் பிரிவதை வரைந்து காட்டினேன். அந்தத் தாளைப் பெண்களில் ஒருத்தி மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.